அடிக்குறிப்பு முப்பத்தொன்று

ஜூன் 6, செவ்வாய்

இல்லை, பொய் எழுதவில்லை. கேட்காமல் எழுதினேன். இரண்டும் வேறு வேறு என்று இன்று காலை வரை நினைத்திருந்தேன்.

வெயில். ஆற்றில் மணல்தான், மேட்டூர் திறக்க இன்னும் நாள் இருக்கிறது. போர்வெல் போட்டவர்கள் மட்டும் குறுவைக்கு நாற்றங்கால் உழுகிறார்கள். இந்த வருடம் அப்பாவும்.

விடிந்ததும் அப்பா விதை மூட்டையை மொபெட்டில் ஏற்றினார். நொச்சி இலை போட்டு வருடா வருடம் கூடத்து மூலையில் இருக்கும் மூட்டை. அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் பத்தாவது வரை படித்தேன்.

"வயலுக்காப்பா?"

"மாமா வயலுக்கு."

"அப்ப நமக்கு?"

"மாமா தருவாரு. எப்பவும் அப்படித்தான?"

எப்பவும். எனக்கு வயது இருபத்தெட்டு.

நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். குடவாசல் பக்கம் மாமா ஊர். அம்மாவின் அண்ணன். எங்கள் மூட்டையை இறக்கி, தன் மூட்டையை ஏற்றினார். ஏன் என்று கேட்டதும் சிரிப்பு.

"ஒரே மண்ணுல வெளஞ்சத அதே மண்ணுல திரும்பத் திரும்பப் போட்டா நெல்லு சலிச்சுப் போவும் மருமவளே. பொண்ண வேணா சொந்தத்துல எடுப்போம். வெதைய எடுக்க மாட்டோம்."

அத்தை உள்ளேயிருந்து: "எங்க எடுத்தீங்க? அதுதான் ஹாலந்துக்குப் போயிடுச்சே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். திரும்பும் வழியெல்லாம் என் ஆய்வேடுதான் நினைவில்.

அ.4 (ஹாலந்தில் நான் எழுதும் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம்) என்ன சொல்கிறது, எனக்கே ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன். ஒரு கம்பெனி புது விதையைத் தன் பெயரில் பதிந்துகொண்டால், விவசாயி ஒவ்வொரு முறையும் அவர்களிடம்தான் வாங்க வேண்டும். ஒரு விலக்கு உண்டு. தன் வயலில் விளைந்ததைத் தன் வயலிலேயே மறுபடி விதைக்கலாம். அடுத்தவருக்குத் தரக் கூடாது. இந்த விலக்கு இருந்தால் சிறு விவசாயிக்கு நஷ்டமில்லை, வளரும் நாடுகள் சட்டத்தை ஏற்கலாம். என் வாதம் அது. ஆதாரம், அடிக்குறிப்பு 31: "தஞ்சைப் பகுதி விவசாயி, வயது 56, ஆய்வாளருடன் நேர்காணல்."

அந்த விவசாயி அப்பா. நேர்காணல் நடக்கவில்லை. நான் பார்த்தது மூட்டையை மட்டும்.

ஜூன் 7, புதன்

கும்பகோணம். வாங்க வேண்டியவை: ரீஃபில், அம்மாவுக்குக் கண்ணாடிக் கூடு, தலைவலி மாத்திரை. கூடு மறந்தேன்.

பிரவுசிங் சென்டரிலிருந்து பே.-க்கு (பேராசிரியருக்கு) நடந்ததை எழுதினேன். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்ததில் பதில் வந்துவிட்டது. இறுதி வடிவம் வெள்ளிக்குள். தேர்வுக் குழு படிக்கப்போவது அ.4-ஐத்தான், பல்கலைக்கழகத்தில் உனக்கு இரண்டு வருட ஆசிரியர் இடம் கிடைப்பதும் அதை வைத்துத்தான். ஒரே ஒரு குடும்பத்தின் வழக்கம் வாதத்தை அசைக்காது. வேண்டுமானால் ஒரு வரி சேர்.

ஒரே ஒரு குடும்பம். எனக்குச் சாதகமாக இருந்தவரை அதுதான் ஆதாரம்.

பே. கெட்டவர் இல்லை. முதல் பனிக்காலத்தில் தன் கோட்டைக் கொடுத்தவர்.

ஜூன் 8, வியாழன்

காலையில் தெருவில் வீடு வீடாகக் கேட்டேன். பதினோரு வீடு. அரசு விதை டெப்போவில் வாங்குபவர்கள், இரண்டு. மாற்றிக்கொள்பவர்கள், எட்டு: மச்சானோடு, சம்பந்தியோடு, ஒருவர் கூடப் படித்தவரோடு. தன் விதையையே தன் வயலில் போடுபவர் ஒருவர். எதிர் வீட்டுப் பெரியப்பா.

"மச்சானோட பேச்சுவார்த்த இல்ல பாப்பா. கோர்ட்டுல கேஸ் நடக்குது. அப்பறம் யார்ட்ட போயி மாத்துறது?"

என் விலக்கு காப்பாற்றும் ஒரே விவசாயி.

பெரியம்மா: "இத கேக்கவா ஏரோப்ளேன் ஏறிப் போன? கொல்லையில நின்னு கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

மாலை அப்பாவுக்கு அடிக்குறிப்பைத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"அம்பத்தாறு வயசுன்னா யாரு?"

"நீங்கதான்."

"நான் எப்ப சொன்னேன்?"

தாளை மடித்தேன். அவரே: "மாத்துனா வேல போயிடுமா?"

"போகலாம்."

"அப்ப வுட்டுடு. நான் சொன்னதாவே இருக்கட்டும். அங்கேருந்து எவன் வந்து கேக்கப் போறான்."

திட்டியிருந்தால் சுலபம்.

அம்மா: "ஒங்கண்ணன் சிங்கப்பூர்ல கட்டடச் சாரத்துல ஏறி நிக்கிறான். நீயாவது நெழல்ல இருக்கணும்னுதான்..." முடிக்காமல் அரிசி களையப் போய்விட்டாள்.

ஜூன் 9, வெள்ளி

புழுக்கம். மழை வராது.

வாதமே தவறா, என் உதாரணம் மட்டுமா? எட்டு வீடு ஒரு நாடாகாது. ஆனால் ஒரு மூட்டையை நாடாக்கினேனே.

பே. சொன்ன ஒரு வரியை எழுதிப் பார்த்தேன். "சில இடங்களில் விதைப் பரிமாற்றமும் காணப்படுகிறது." பொய் இல்லை. உண்மையும் இல்லை. அடித்தேன். மறுபடி எழுதினேன்.

எனக்கு அங்கே இருக்கப் பிடிக்கிறது. இதையும் எழுதி வைக்க வேண்டும். நூலகம். சைக்கிள். யார் வீட்டுப் பெண் என்று யாரும் கேட்காதது. இங்கே அப்பா கூலிக்கு நட்ட வயல்தான் இப்போது எங்கள் குத்தகை. அதற்கு முன் தாத்தாவும் அதையேதான் குத்தகைக்கு உழுதார். அடங்கலில் (யார் பயிர் செய்கிறார்கள் என்ற ஊர்க் கணக்கில்) அவர் பெயர் ஒரு வருடம்கூட ஏறவில்லை. கணக்குப்பிள்ளை வீட்டுக்குள்ளிருந்தே எழுதிக்கொண்டாராம், வயலில் இறங்கிக் கேட்கவில்லையாம். அப்பா இதைக் கோபமில்லாமல்தான் சொல்வார்.

நானும் ஹாலந்திலிருந்தே எழுதிக்கொண்டேன்.

அப்படியானால் திருத்தினால் மட்டும் அப்பாவுக்கு என்ன கிடைக்கும்? ஒன்றுமில்லை. எனக்கு இடம் போகும். இதில் யாருக்கு நல்லது, கணக்கே வரவில்லை. தலைவலி. மாத்திரை இரண்டு.

மூன்றரை மணி பஸ்ஸில் கும்பகோணம். பிரவுசிங் சென்டர். பே.-க்கு நான்கு வரி. அ.4-ஐத் திரும்பப் பெறுகிறேன். 31 நேர்காணல் அல்ல, என் ஊகம். மறுபடி எழுத ஆறு மாதம் வேண்டும். இடத்துக்கு வேறு ஒருவரைப் பார்ப்பதானால் பாருங்கள்.

அனுப்பினேன். சரிதானா, தெரியவில்லை. கடைத்தெருவில் அம்மாவுக்குக் கண்ணாடிக் கூடு வாங்கிக்கொண்டு, நின்றபடியே பஸ்ஸில் வீடு வந்தேன்.