உமக்கு இடமில்லாத பெட்டி

இன்று காலை கதவைத் திறந்ததும் வறுத்த மிளகாய்த்தூள் மணம் மூக்கில் ஏறியது. வாசற்படியில் ஒரு பொதி. பொலித்தீன் பைகளுக்குள் இறுக்கிக் கட்டி, மேலே பாரிஸ் விலாசமும் எழுதியிருந்தது. நான் போகிற விஷயத்தை ஊரில் யாருக்கும் வாய் திறந்து சொல்லவில்லை. பையைக்கூட இன்னும் எடுத்து வைக்கவில்லை. அந்த மணத்தோடு, சிநேகிதி, நீரும் வந்து நின்றீர். எனக்குத் தும்மலும் வந்தது, கோபமும் வந்தது.

பாரிசில் தங்கச்சிக்குச் சத்திரசிகிச்சை. ஒரு கிழமை அவளோடு நின்றுவிட்டு வரப்போகிறேன். மாற்றுடுப்பு, குளிர் அங்கி, என்னுடைய மருந்து. கையில் தூக்குகிற பை ஒன்று போதும்.

நீரும் அப்படித்தான் புறப்பட்டீர். பாரிசில் இருக்கிற உம்முடைய ஒரே மகனின் கலியாணத்துக்கு, பெண் வீட்டார் கூப்பிட்டு, எவ்வளவோ அலைந்து எடுத்த விசா. "அவன்ரை மீசை நரைக்கிறதுக்கு முந்தி ஒருக்காப் பாத்திடவேணும்" என்று சொல்லிச் சிரிப்பீர். இருவருமாகக் கட்டிலில் இருந்து பெட்டி அடுக்கினோம். அரக்கு நிறப் பட்டுச்சீலை, குளிர் அங்கி, அவனுக்குப் பிடித்த சுறாக் கருவாடு கொஞ்சம். பெட்டி பாதிகூட நிறையவில்லை.

"வெறுங்கையோடை போறமாதிரிக் கிடக்கு" என்றீர்.

"பிள்ளையைப் பாக்கத்தானே போறீர். கை வெறுமையா இருந்தாத்தான் கட்டிப்பிடிக்கலாம்" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டார்களா? ஊர்காவற்றுறை முழுக்கச் செய்தி பரவியது. புங்குடுதீவிலிருந்துகூட பஸ் ஏறி வந்தார்கள். "சின்னப் பாசல்தான், ஒரு மூலைக்குள்ளை வையும்" என்று ஆளாளுக்குத் தந்தார்கள். ஒடியல் மா, மோர்மிளகாய், பனங்கட்டி. பக்கத்து ஒழுங்கைப் பிலோமினா அக்கா மகளுக்கென்று ஓர் இரும்புத் தேங்காய்த் திருவலையையே கொண்டுவந்தா. பாரிசில் வாங்குகிற திருவலையில் தேங்காய் பூப்போல விழாதாம். நீர் என்ன கொண்டுபோகிறீர், உமக்கு என்ன தேவை என்று ஒருவர், ஒரே ஒருவராவது கேட்டதை நான் காணவில்லை.

கட்டுநாயக்காவில் இறங்கியதும் வான் சாரதி பெட்டியைத் தூக்குத் தராசில் கொழுவிப் பார்த்தார். "அம்மா, இவ்வளவு பாரத்தோடை போக ஏலாது. எதையாவது எடுங்கோ." நீர் வாகனத் தரிப்பிடத்திலேயே குந்தியிருந்து பெட்டியைத் திறந்தீர். திருவலைதான் வெளியே வரப்போகிறது என்று நான் கையை நீட்டினேன். முதலில் உம்முடைய குளிர் அங்கி வந்தது. பிறகு பட்டுச்சீலை.

"உமக்கென்ன விசரோ? திருவலையை எடும்."

"மற்றவையின்ரை சாமானை என்ன முகத்தோடை திருப்பிக் குடுக்கிறது? என்ரையைத்தான் நான் எடுக்கலாம்."

அந்தச் சீலையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். கலியாணப் படத்தில் மாப்பிள்ளையின் தாய் யாருடையதோ வெளிறிய சீலையில், அதற்கு மேலே ஓர் ஆண்பிள்ளையின் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறா.

திரும்பி வந்து மிச்சத்தையும் சொன்னீர். பாசல் எடுக்க ஆட்கள் வருவார்களென்று நாள்தோறும் வீட்டிலேயே காத்திருந்தீராம். மகன் லீவு எடுத்தும் உம்மை எங்கும் கூட்டிப்போக முடியவில்லை. பிலோமினா அக்காவின் மகள் வரவே இல்லை. கடைசியில் நீங்கள் இருவரும் ரயில் மாறி மாறிப் போய் அந்தத் திருவலையைக் கொடுத்தீர்கள். அவள் கதவடியில் நின்றே வாங்கினாள். உள்ளே வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. திரும்பும்போது ரயிலில் மகன் கேட்டானாம், "அம்மா, நீங்கள் என்னைப் பாக்கவோ வந்தனீங்கள்?"

நீர் அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னீர். எனக்குச் சிரிக்க ஏலவில்லை.

அதன்பிறகு நீர் அவனைக் காணவே இல்லை. போன வருடம் படுக்கையில் விழுந்தீர். அவனுக்கு அங்கே வதிவிட அனுமதி இன்னும் சரிவரவில்லை, வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. செத்தவீட்டில் பிலோமினா அக்கா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சொன்னா: "தங்கமான மனிசி. ஒருக்காலும் ஏலாது எண்டு சொல்லாதவ." சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அது புகழ்ச்சியா? உம்மைத் தின்றவர்கள் ருசி சொன்னதுபோல இருந்தது எனக்கு.

உம்மிலும் கோபம்தான். இறங்குதுறையில் நீர் விற்கிற மீனுக்கு வியாபாரி விலையைக் குறைத்தால் அவன் களைத்துப் போகும்வரை நின்று வாதாடுவீர். அந்த வாய் உமக்காகப் பேசவேண்டிய இடத்தில் எங்கே போனது?

இன்று வந்த பொதியில் இருந்தது பிலோமினா அக்காவின் மகளுடைய விலாசம். அதைத் தூக்கிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, இதை என்னாலை கொண்டுபோக ஏலாது."

"கொஞ்சத் தூள்தானே பிள்ளை. உன்ரை சிநேகிதி ஒருநாளும் இப்பிடிச் சொல்லமாட்டா."

"ஓம் அக்கா. அதாலைதான் பெத்த மகன்ரை கலியாணத்திலை இரவல் சீலையோடை நிண்டவ. உங்கடை திருவலைக்கு இடம்விட்டு."

அவவின் முகம் வெளிறியது. "அது எனக்குத் தெரியாதே" என்றா.

"கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

பொதியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டா. மத்தியானத்துக்குள் நான் தலைக்கனம் பிடித்தவள் என்று ஊரில் கதை வந்துவிட்டது. வரட்டும்.

பின்னேரம் உம்முடைய மகன் போன் எடுத்தான். "மாமி, ஒண்டும் கொண்டுவர வேண்டாம். அம்மா கடைசியிலை எப்பிடி இருந்தவ எண்டு ஒருத்தரும் எனக்குச் சரியாச் சொல்லேல்லை. வந்து இருந்து சொல்லுங்கோ. லீவு போட்டிருக்கிறன்."

அதைத்தான் கொண்டுபோகிறேன். கஞ்சிக்கு உப்புக் கூடிவிட்டது என்று நீர் என்னோடு சண்டை பிடித்ததை. காரைநகர்ப் படகுச் சத்தம் கேட்கவேண்டுமென்று ஆஸ்பத்திரி யன்னலைத் திறக்கச் சொன்னதை. ஊசி போட வந்த தாதிப் பிள்ளையை அவன் பெயரால் கூப்பிட்டதை. ஒன்றும் விடாமல் சொல்வேன். அவன் அழுதால் அழட்டும். இந்த முறை வேறு யாரும் வருவார்களென்று அவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.