பிரேக்கில் காற்று

ஜனவரி 8, 2025

காலை டவுன் பஸ்ஸில் ராஜபாளையம். பேண்டேஜ் கம்பெனியில் எட்டு மணி நேரம் துணி மடித்தேன். சாயந்தரம் ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பி சோறு வடித்தேன். அவர் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டிருப்பேன்.

ஜனவரி 10

முதலாளி கண்ணுச்சாமி கூப்பிட்டுவிட்டார். அவருடைய அப்பா ஆசையாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் குடோனில் முப்பது வருஷமாகத் துருப்பிடித்துக் கிடக்கிறதாம். "ஒங்க வீட்டுக்காரரு பட்டாளத்துல வண்டி மெக்கானிக்தானம்மா? ஒருக்கா பாக்கச் சொல்லுங்க. முடியாதுன்னா எடைக்குப் போட்டுருதேன்."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டேன். சொல்லச் சொன்னதை வைத்துக்கொள்ளக் கூடாது.

அவர் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் இப்ப வண்டியத் தொடுறதில்லன்னு அவருட்ட சொல்லலையா?"

மகன் மாரீஸ்வரன் போய்ப் பதினான்கு மாதம். அன்றிலிருந்து ஸ்பேனர் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

ஜனவரி 12

ஞாயிறு. எங்கோ போய்விட்டு மத்தியானம் வந்தார். விரல் முழுக்கத் துரு. நான் கேட்கவில்லை.

ஜனவரி 19

லாரியில் கொண்டுவந்து வீட்டுப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் இறக்கினார்கள். இரண்டே இருக்கை. கூரை கிடையாது. நீளமான மூக்கு. என்ன கலர் என்று சொல்ல முடியவில்லை. கால் வைக்கும் இடத்தில் ஓட்டை, அதன் வழியே தரை தெரிகிறது. இருக்கைக்குள் எலி கூடு கட்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டு ஜெயபாய் அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். "பெத்த மகன் வண்டியப் பாக்காத மனுஷன், யாரு வண்டியவோ பாக்காராக்கும்." மெதுவாகத்தான் சொன்னாள். அவருக்குக் கேட்டிருக்கும். குனிந்தவர் நிமிரவே இல்லை.

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். அடுப்பில் பால் வைத்திருந்தேன், உள்ளே போனேன்.

பிப்ரவரி 3

தேய்க்கிறார். தேய்க்கிறார். வீடு முழுக்கச் சிவப்புத் தூசி. தினமும் கூட்டுகிறேன்.

பிப்ரவரி 16

கம்பெனியில் கழித்த வலைத்துணியை ஒரு பை வாங்கி வந்து கொட்டகையில் வைத்தேன். துடைத்துப் பார்த்தார். "நல்லாருக்கு. இன்னும் கொண்டா." இன்றைக்கு எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான். போன மாதத்தைவிட அதிகம்.

ஓட்டைகளுக்குத் தகடு வெட்டி வைத்து ஒட்டிவிட்டார். மண்ணெண்ணெயில் மூன்று நாள் ஊறப்போட்ட போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று வருகின்றன. என்ஜின் நேற்று ஒருமுறை இருமிவிட்டு நின்றது. அவர் முகத்தில் ஏதோ வந்து போனது. எனக்குள்தான் ஒன்றும் வரவில்லை. ஏன்?

மார்ச் 2

ஏன் என்று எனக்குத் தெரியும். இதிலாவது எழுதுகிறேன்.

அது செவ்வாய்க்கிழமை. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாரீஸ் வந்து, பைக்கில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, அப்பாவிடம் சொல்லுங்கள் என்றான். அந்த பைக் வாங்கியதில் ஏற்கெனவே அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை. சொன்னால் திரும்பவும் ஏசுவார், ஞாயிற்றுக்கிழமை நல்ல மூஞ்சியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை செண்பகத்தோப்பு ரோட்டில், பாலத்துச் சுவரில்—

ஊரே அவரைச் சொன்னது. அவரே அவரைச் சொல்லிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பதினைந்து மாதம் ஆகிவிட்டது. இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மார்ச் 9

ஞாயிறு. "செத்த வாரியா?" என்று கொட்டகையிலிருந்து கூப்பிட்டார்.

காருக்கு பிரேக் குழாயெல்லாம் புதிதாக மாட்டியிருக்கிறார். உள்ளே காற்று இருந்தால் பிரேக் பிடிக்காதாம். நான் மிதிக்க வேண்டும், அவர் சக்கரத்தடியில் படுத்துத் திருகாணியைத் திறப்பார், எண்ணெயோடு காற்று வெளியே வரும். ஒருத்தரால் முடியாத வேலை.

ஏறி உட்கார்ந்தேன். அவர் முகம் தெரியவில்லை. குரல் மட்டும்.

"அமுக்கு."

அமுக்கினேன்.

"அப்படியே பிடி. ம். இப்ப விடு."

நாலைந்து தடவை. கால் தானாக ஏறி இறங்கியது. ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, மிதித்துப் பிடித்தபடியே என் வாய் சொன்னது: "பைக்ல பிரேக் பிடிக்கலன்னு மாரீஸ் எங்கிட்ட சொன்னான். ஒங்ககிட்ட சொல்லச் சொன்னான். நான் சொல்லல."

மிதித்த காலை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிறகு அவர் குரல் வந்தது. "இன்னும் காத்து இருக்கு. விட்டுட்டு அமுக்கு."

நாலு சக்கரமும் முடித்தோம். கையைக் கழுவிவிட்டு வெளியே போனார்.

மார்ச் 11

வீட்டில் சாப்பிடவில்லை. கொட்டகையில் படுக்கிறார்.

மார்ச் 13

அதேதான். வ. புதுப்பட்டிக்கு, எங்கம்மா வீட்டுக்குப் போய்விடலாமா? போ என்று அவர் சொல்லட்டும். சொன்னால் போகிறேன்.

மார்ச் 15

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வாசலில் வந்து நின்றார். நான்கு நாள் தாடி.

"அவன் என்ன சொன்னான்?"

"பிரேக் பிடிக்கலன்னு."

"அப்படி இல்ல. அவன் சொன்னத அப்படியே சொல்லு."

பையைக் கீழே வைத்தேன். அவன் சொன்ன மாதிரியே சொன்னேன், இழுத்து இழுத்து. "எம்மா, முன்பிரேக்கு பிடிக்க மாட்டேங்கு. அப்பாட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா ஏசுவாக. வெளிய எவன்ட்ட விட்டாலும் சரிவராதும்மா, அவுக கை வச்சாத்தான் இது கேக்கும்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கை வச்சாத்தான்னு சொன்னானா?"

"ஆமா."

"இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். திரும்பவும் கேட்டார், மூன்றாவது தடவையும் சொன்னேன். பஸ் போய்விட்டது. இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். நான் அழுதேன். அவன் போன அன்றைக்குக்கூட இப்படி அழவில்லை.

மார்ச் 30

கார் கரும்பச்சை. முதலாளியிடம் ஒப்படைக்க இன்று கிளம்பினார். நான் வாசலில் நின்றேன். என்ஜினை ஓடவிட்டபடி என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"ஒம்மேல கோவம் இருக்கு. போவுமான்னு தெரியல."

"இருக்கட்டும்" என்றேன்.

"ஏறு."

தலைமுடியைக் கொண்டை போட்டுக்கொண்டு ஏறினேன். ராஜபாளையம் வரை காற்று முகத்தில் அடித்தது. பாதி வழியில், மாரீஸ் நாலு வயதில் அவருடைய பட்டாளத்துத் தொப்பிக்குள் கோழிக்குஞ்சை ஒளித்து வைத்த கதையை ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்த கதைதான். குஞ்சு இரண்டு, ஒன்று இல்லை என்று திருத்தினேன்.

"ரெண்டா?" என்றார்.

"ரெண்டு."