ஸஹர் சாப்பிட்டுவிட்டு ஒப்பரேஷனுக்குப் போன வாப்பா

கிண்ணியா,
ஞாயிறு, அஸருக்குப் பிறகு.

அன்பு மகள் றிஷானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் நலம், டாக்காவில் நீங்களும் நலமாக இருந்து சத்திரசிகிச்சைப் பாடத்தில் நன்றாகச் செய்ய துஆக் கேட்கிறேன். வாப்பா நலம் என்று எழுதத்தான் இரண்டு கிழமை காத்திருந்தேன். உங்களுக்குச் சோதனை நேரம் என்று ஃபோனில் மறைத்துவிட்டோம், கோபிக்க வேண்டாம்.

வாப்பாவின் குடலிறக்கத்துக்கு நாலு மாதம் காத்திருந்து திகதி கிடைத்தது உங்களுக்குத் தெரியும். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாயில் ஒன்றும் வைக்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். வருடத்தில் முப்பது நாள் நோன்பு பிடிக்கிற தனக்கு வெறும் வயிற்றைப் பற்றி யார் சொல்லித்தருவது என்று, இவர் விடியமுன் ஸஹர் நேரம் எழும்பி, சோறும் பாரைமீன் ஆணமும் இரண்டு வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு, சுபஹு பாங்கோடு வாயைக் கட்டிக்கொண்டார். ஆக்கிக் கொடுத்த மடைச்சி நான்தான், எனக்கும் அது சரியாகவே பட்டது. எட்டு மணிக்கு மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் பிள்ளை வந்து பட்டினியா என்று கேட்க, ஓம் நோன்போடதான் என்றார். அப்போதுதான் போன மாதம் நீங்கள் சொன்னது நினைவு வந்தது, மயங்கிக் கிடக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் ஆளே போய்விடும் என்று. திகதி போய்விடும், பேசாமல் இரு என்று வாப்பா என் கையைக் கிள்ளினார். நான் சொல்லிவிட்டேன், வாழைப்பழம் வரைக்கும். ஒப்பரேஷன் ஒத்திப்போனது, மூன்று நாள் வாப்பாவுக்கு என்னோடு கதையில்லை.

ஒத்திப்போன பன்னிரண்டாம் நாள் பின்னேரம் வீக்கம் கல்லு மாதிரி இறுகி, உள்ளே போகாமல் நின்றது. சத்தி எடுத்துக்கொண்டே, எண்ணெய் பூசி அமத்திவிடு என்றார். நான் தொடவில்லை, த்ரீவீலரில் ஏற்றிவிட்டேன். பாலத்தைக் கடக்கும்வரை, அன்றைக்கு என் வாய் சும்மா இருந்திருந்தால் இவருக்கு இது வந்திராதே என்று அழுதேன் மகள். அந்த நினைப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. வயிற்றைத் திறந்தபோது சிக்கிய குடல் கறுத்திருந்ததாம். சூடான ஈரத்துணி சுற்றிவைத்துக் கொஞ்ச நேரம் பார்க்க, நிறம் திரும்பியதாம், அதனால் வெட்டாமல் உள்ளே வைத்துத் தைத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் வெட்டத்தான் வேண்டும் என்றார் பெரிய டொக்டர்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு உள்ளே கொண்டுபோக முதல் அதே டொக்டர் பிள்ளைதான் நின்றா. இந்த முறை பட்டினியா என்று கேட்கவில்லை, கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு என்று கேட்டா. நீங்களும் அப்படியே கேளுங்கள். வாப்பா வலியோடு என் பக்கம் கையை நீட்டி, "அவட்டக் கேளுங்க டொக்டர், அவ பொய் சொல்ல மாட்டா" என்றார். முப்பத்தொரு வருடத்தில் என்னைப் பற்றி அவர் இன்னொரு ஆளிடம் நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அழுகையோடு, காலை பத்து மணிக்கு ஒரு பிளேன்ரீ, சீனி இரண்டு கரண்டி என்றேன்.

ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாதாம், கேட்கிறாரா பாருங்கள், நீங்கள்தான் அதட்ட வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உங்கள் கை தொடுகிற நோயாளிகளுக்கெல்லாம் அல்லாஹ் சுகத்தைக் கொடுக்கட்டும்.

உங்கள் உம்மா,
ஜெஸீமா ஸைனுலாப்தீன்.