நீல்பந்தர், எழுபதாவது வாரம்

லேக் கார்டன்ஸ், கல்கத்தா
1-6-1986, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

வனஜா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். வெயில்தான் உயிரை வாங்குகிறது. உன் முட்டிவலி தேவலையா?

இன்றைக்கு டிவியில் 'நீல்பந்தர்' அறுபத்தொன்பதாவது வாரம். பார்த்திருப்பாய். படகுத்துறையில் அந்தக் கட்டையிலே போகிற மல்ஹோத்ரா கையை ஆட்டி ஆட்டிக் கத்தினானே, என்ன கத்தினான் தெரியுமா? "இந்த ஊர்க் கடலே எங்கப்பன் வீட்டுச் சொத்து" என்கிறான்! மாடிவீட்டு வங்காள அண்ணி மீரா பௌதி கையிலிருந்த முறத்தை டிவி மேல் எறியப் போய்விட்டாள். கடைசியில் படகிலிருந்து தங்கை ஷோபா இறங்கினாள் இல்லையா? அவள் படகுக்காரனிடம் சொன்னது இது: "பத்து வருஷம் கழித்து அக்கா வீட்டுக்குப் போகிறேன். கமலினி கதவைத் திறப்பாளோ மாட்டாளோ." அதோடு நிறுத்திவிட்டான், பாவி. அடுத்த ஞாயிறு வரை எனக்குச் சோறு இறங்காது.

அமலாவுக்கு ஆவணியில் நாள் குறித்துவிட்டோம். மாப்பிள்ளை பெயர் ராகவேந்திரன், சாந்த்ராகாச்சியில் ரயில்வே வேலை. நீ வந்தே ஆகவேண்டும். பெரியம்மா இல்லாமல் என் பெண் மணையில் உட்காரக் கூடாது. அவரும் சொல்லச் சொன்னார்.

உன் தங்கை,
வனஜா

மதுரை
7-6-1986

அன்புள்ள வனஜாவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. கதைப் பகுதியை வழக்கம்போல ஸ்டாஃப் ரூமில் உரக்கப் படித்தேன். ஹிந்தி தெரியாத எங்களுக்கு, நீ எழுதாவிட்டால் எல்லாம் ஊமைப்படம்தான். டிராயிங் மாஸ்டர் பாலசுப்ரமணியன் இத்தனை நாளும் மல்ஹோத்ராவை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். "மீசையப் பாத்து ஏமாந்துட்டேன் டீச்சர்" என்று ஒரே வருத்தம்.

'உனக்கு ஹிந்தி புரியாதே, நான் எழுதி அனுப்பட்டுமா' என்று நீதான் ஆரம்பித்தாய். அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் நமக்குள் ஒரு கார்டுகூடக் கிடையாது. அதையும் நினைத்துக்கொள்கிறேன்.

அமலா நன்றாக இருக்கட்டும். கல்யாணத்துக்கு வருவது பற்றி யோசித்து எழுதுகிறேன்.

சுந்தரி

கல்கத்தா
8-6-1986, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

இன்றைக்கு அழுது அழுது கண் வீங்கிவிட்டது. கதவு திறந்ததும் ஷோபா கமலினியின் காலில் விழுந்தாள். "உனக்குப் பேசி முடித்தவரை நான் கட்டிக்கொண்டேன். அப்போது புத்தியில்லை அக்கா" என்றாள். கமலினி அவளைத் தூக்கி நிறுத்தி, "அட பைத்தியமே, அதை நான் அன்றைக்கே மறந்தாச்சு. உள்ளே வா, முதலில் சாப்பிடு" என்றாள். எவ்வளவு பெரிய மனசு பார்! பௌதியும் தேம்பிவிட்டாள்.

டிக்கெட் எடுத்துவிடட்டுமா? ஹௌரா ஸ்டேஷனுக்கு அவரே வந்து நிற்பார். சரி என்று ஒரு வரி போடு.

உன் வனஜா

மதுரை
15-6-1986

வனஜா,

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் பாதிவரை படித்தேன். மேலே படிக்க முடியவில்லை. உங்கள் ஊரில் அன்றைக்குக் கரண்ட் இல்லையோ? மதுரையில் இருந்தது.

கமலினி கதவைத் திறக்கவே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஷோபா தட்டித் தட்டி ஓய்ந்து, மழையில் படகுத்துறைக்குத் திரும்பிப் போனாள். ஒரு பேச்சு இல்லை. இத்தனை வாரத்தில் அன்றைக்குத்தான் உன் கடிதம் இல்லாமலே எனக்கு எல்லாம் புரிந்தது.

செல்வராஜ் வீட்டார் எனக்குப் பூ வைத்துவிட்டுப் போன பிறகு நீ அவருக்கு ஒளித்து ஒளித்துக் கடிதம் எழுதினாய். சின்னவளைத்தான் கட்டுவேன் என்று அவர் சொன்ன அன்றுதான் அது எனக்கே தெரியும். இருபது வருஷத்தில் ஒருநாள், 'அக்கா, தப்புப் பண்ணிட்டேன்' என்று சொன்னாயா? இப்போதும் ஷோபாவை விட்டுக் காலில் விழுகிறாய். மன்னிப்பையும் நீயே எழுதிக்கொள்கிறாய். என்னிடம் எதையும் கேட்டு வாங்கும் வழக்கமே உனக்குக் கிடையாதா?

சுந்தரி

கல்கத்தா
22-6-1986

அக்கா,

லோட் ஷெடிங்தான். ஷோபா கதவைத் தட்டக் கை எடுத்தாள், டிவி அணைந்துபோனது. "ஜா, கேலோ!", போச்சுடா என்று பௌதி தலையில் அடித்துக்கொண்டாள். கரண்ட் வர மூன்று மணி ஆனது. நீ காத்திருப்பாயே என்று எழுத உட்கார்ந்தேன். அங்கே நீ பார்த்திருப்பாய் என்பது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் கை நிற்கவில்லை. கடிதத்தைப் போட்ட மறுநாள் பௌதியின் தங்கை பெஹாலாவிலிருந்து வந்து, கதவு திறக்கவில்லை என்றாள்.

இனி ஷோபா வேண்டாம், நானே சொல்கிறேன். தெரிந்தேதான் செய்தேன் அக்கா. அம்மா உனக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் போயிருந்த மத்தியானம் அந்த முதல் கடிதத்தை எழுதினேன். விலாசத்தை உன் டைரியிலிருந்துதான் எடுத்தேன். என்னை மன்னித்துவிடு. கல்யாணத்துக்காகக் கேட்கவில்லை, எனக்காகக் கேட்கிறேன்.

வனஜா

மதுரை
6-7-1986

அன்புள்ள வனஜாவுக்கு,

'மன்னித்தேன்' என்று மூன்று இன்லண்டு லெட்டரில் எழுதினேன், மூன்றையும் கிழித்தேன். பொய்யாகப் பட்டது. அப்பா இருந்த காலத்தில் நீ கேட்டிருந்தால் வந்திருக்கும். இப்போது கோபம்கூடப் பெரிதாக இல்லை, ஆனால் அந்த வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

கல்யாணத்துக்கு நான் வரவில்லை. ஸ்டேஷனில் அவர் 'வாங்க மதினி' என்று என் பெட்டியை வாங்குவார். என்னால் ஆகாது. அமலாவுக்கு ஒரு சுங்குடிப் புடவை பார்சலில் வருகிறது. அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று தெரியவில்லை, மாம்பழ நிறத்தில் எடுத்தேன்.

'நீல்பந்தர்' கதை இனி வேண்டாம். எதிர்வீட்டுக்குப் பட்டாளத்திலிருந்து வந்திருக்கும் ஜம்புநாதனுக்கு ஹிந்தி தெரியும், கேட்டுக்கொள்கிறேன். எழுதுவதானால் உன்னைப் பற்றி எழுது.

ஒன்று நானும் சொல்லவேண்டும். அமலா பிறக்கும்போது உன்னிடம் வர அம்மா பெட்டியெல்லாம் கட்டிவிட்டாள். போனால் இந்த வீட்டில் நான் இருக்கமாட்டேன் என்று சொல்லி நிறுத்தியது நான்தான். அப்பா விடவில்லை என்றுதான் நீ இன்றுவரை நினைத்திருப்பாய். அந்த ஊரில், தலைப்பிரசவத்துக்கு, உன் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

உன் அக்கா,
சுந்தரி