பரிசம் என்ற சொல்

அலோர் காஜா, தோட்டத்து லயம்
8 மே 1932

அன்புள்ள மதலேன் சிஸ்டருக்கு, உங்கள் மாணவி குஞ்சம்மா கைகூப்பி எழுதுவது.

விடுமுறை முடிந்தும் நான் வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்குக் காய்ச்சல் என்று மாமா எழுதியது பொய். எனக்குப் பரிசம் போட்டுவிட்டார்கள். எல்லோரும் தூங்கிய பிறகு விளக்கைச் சுருக்கிவைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

சிங்கப்பூரிலிருந்து பெத்தம்மாள் என்று ஒருத்தி வந்தாள். மாப்பிள்ளை பெயர் வடிவேலுவாம், அங்கே கடை வைத்திருக்கிறாராம். அவரை யாரும் பார்த்ததில்லை. புடவையும் பரிசப் பணமும் கொடுத்துப் போனாள். அடுத்த மாதம் தம்பின் ஸ்டேஷனில் என்னை ரயிலேற்றுவாளாம். "அப்பன் இல்லாத புள்ளைக்கு இதுக்கு மேல யாரு வருவா?" என்கிறாள் அம்மா.

எங்கள் லயத்து வரிசைவீடு ஒன்றிலிருந்த முனியாயியையும் முன்பு இவள்தான் அழைத்துப்போனாள். லாரி ஓட்டும் நல்லமுத்து அண்ணன் அவளைச் சிங்கப்பூரில் ஒரு மாடிவீட்டு ஜன்னலில் பார்த்தாராம். ஆண்கள் வந்துபோகிற வீடாம் அது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். அண்ணன் இதை மாமாவிடம் சொன்னதற்கு, "வேற யாராச்சும் இருக்கும்லா, கள்ளுக்கடை பக்கத்துல நின்னு பாத்தியா?" என்று சிரித்தார்.

போன வருஷம் சர்வதேச சங்கத்துத் துரைமார் பள்ளிக்கு வந்து, "தெரிந்த பெண்கள் யாரையாவது விற்றார்களா?" என்று துபாஷி மூலம் கேட்டார்கள். நானும் இல்லை என்றேன். முனியாயியை விற்கவில்லையே, பரிசம்தானே போட்டார்கள். நான் சொன்னது பொய்யா, சிஸ்டர்?

பயமாக இருக்கிறது. பதிலை, இதைக் கொண்டுவரும் நல்லமுத்து அண்ணனிடமே கொடுங்கள்.

குஞ்சம்மா


சேசு மரி சூசை
மலாக்கா, கன்னியர் மடம்
13 மே

என் பிரியமுள்ள குஞ்சம்மாவுக்குச் சர்வேசுரன் துணை.

நீ பொய் சொல்லவில்லை, மகளே. கேட்டவர்களுக்கு உங்கள் சொல் தெரியவில்லை.

பெண் பிள்ளைகளைக் காக்கும் அதிகாரியிடம் போனேன். "பரிசம் உங்கள் ஜனங்களின் வழக்கம். அதில் நான் கைவைக்க முடியாது" என்றார். ஆனால் ரயிலேறும் முன் உன் வாயாலேயே சம்மதமில்லை என்று சொன்னால் அவர் தடுக்கலாம்.

எங்கள் கோவிலில் கலியாணத்தின்போது சுவாமியார் பெண்ணைப் பார்த்து, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்பார். அவள் சொல்லாவிட்டால் கலியாணமே இல்லை. யாரும் கொடுக்கவோ வாங்கவோ முடியாத ஒன்றைச் சர்வேசுரன் ஒவ்வொருவருக்குள்ளும் வைத்திருக்கிறார். நீ எங்கள் வேதத்தில் இல்லாவிட்டாலும் அது உனக்கும் உண்டு.

சேசுவில் அன்புள்ள,
சிஸ்டர் மதலேன்


அலோர் காஜா
22 மே

அன்புள்ள சிஸ்டருக்கு,

நீங்கள் ஆபீசுக்குப் போனது மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. "கன்னிமாடம் மட்டும் என்னவாம்? தலையில தண்ணிய ஊத்தி அவங்க பிடிச்சு வெச்சுக்குவாங்க" என்கிறார். இங்கிருந்து தப்பினால் நான் வேதத்தில் சேர வேண்டுமா? மறைக்காமல் எழுதுங்கள்.

அம்மா பக்கத்தில் நிற்கும்போது எப்படி மாட்டேன் என்பேன்? ஜூன் ஐந்தாம் தேதி காலை ரயில்.

குஞ்சம்மா


சேசு மரி சூசை
மலாக்கா
26 மே

பிரியமுள்ள குஞ்சம்மாவுக்கு,

சேர வேண்டியதில்லை. சம்மதமில்லாதவள் தலையில் ஊற்றினால் அது வெறும் தண்ணீர்தான், ஞானஸ்நானம் ஆகாது.

அதிகாரி வருவார். நானும் வருவேன், ஆனால் உன் அருகில் நிற்க மாட்டேன். நின்றால் நான் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

சிஸ்டர் மதலேன்


செர்காம், சுப்பம்மா சித்தி வீடு
19 ஜூன்

அன்புள்ள சிஸ்டருக்கு, குஞ்சம்மா நலம்.

அன்று ஸ்டேஷனில் நீங்கள் தூரத்தில் நின்றதால் எங்கள் பேச்சு உங்களுக்குக் கேட்டிருக்காது. துபாஷி முதலில், "உன்னை வித்தாங்களா?" என்றார். இல்லை என்றேன். பெத்தம்மாள் சிரித்தாள். அதிகாரி துரை திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். பிளாட்பாரக் கோடியில் நீங்கள் தலை குனிந்து ஜெபமாலை உருட்டுவதைப் பார்த்தேன். "ஐயா, சம்மதமான்னு கேளுங்க" என்றேன். கேட்டார். இல்லை என்றேன்.

"வீட்ட விட்டுப் போக பயப்படுது, சின்னப் புள்ளதானே" என்றார் மாமா. அப்போதுதான் அம்மா வாய் திறந்தாள். "மாப்பிள்ள பேரு என்னம்மா?" என்று பெத்தம்மாளைக் கேட்டாள். முன்பு வடிவேலு என்று சொன்னவள் சட்டென்று, "கணேசமூர்த்தி" என்றாள்.

அம்மா பரிசப் புடவையை மூட்டையிலிருந்து எடுத்து அவள் காலடியில் வைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

மாமா எங்களை இனி வாசல்படி ஏற விடமாட்டாராம். அம்மா இங்கே மீன் காயவைக்கும் வேலைக்குப் போகிறாள், நானும் கூடப் போகிறேன். பள்ளிக்கு வர முடியும் என்று தோன்றவில்லை. என் பாடப் புத்தகங்களை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மடத்து மதர், ஜெனிவாவில் இருக்கும் அந்தச் சர்வதேச சங்கத்துக்குக் கடிதம் எழுதுவார் என்று நல்லமுத்து அண்ணன் சொன்னார். எழுதினால் இதையும் சேர்க்கச் சொல்லுங்கள். எங்கள் பெண்களிடம் விற்றார்களா என்று கேட்க வேண்டாம். பரிசம் போட்ட மாப்பிள்ளையைக் கண்ணால் பார்த்தாயா என்று கேட்கட்டும்.

முனியாயியிடம் யாராவது போய் அப்படிக் கேட்டால், அவள் முகத்தைத் திருப்பமாட்டாள்.

உங்கள்
குஞ்சம்மா