உப்பளத்து வலது வளைவு

அன்புள்ள பிரியா அப்பாவுக்கு,

நேற்று உங்கள் தலைத்திவசம் நல்லபடியாக முடிந்தது. வாழைக்காய்ப் பொரியலில் மட்டும் உப்பு தூக்கலாகிவிட்டது. உப்புக் கம்பெனிக்காரி சமையல் வேறு எப்படி இருக்கும் என்று, நீங்கள் இருந்திருந்தால் பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருப்பீர்கள். சொல்ல ஆளில்லாமல் வந்தவர்கள் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். 

வண்டியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நீங்களும் முதலில் அதைத்தான் கேட்பீர்கள், எனக்குத் தெரியாதா? ஊருக்குப் போய் நான் போன் செய்தால்கூட, வண்டி துடைத்தேன் என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டாயா என்று கேட்கிற மனுஷன் நீங்கள்.

நீங்கள் போன பிறகு அதைத் தார்ப்பாய் போட்டு மூடி வாசலோரம் நிறுத்தியிருந்தோம். என் அண்ணன் நம் வீட்டுக்கு வருகிறபோதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். வண்டி உங்களை ஒன்றும் செய்யவில்லை. பைக்கில் இந்த ஓட்டம் ஓட்டுகிறவன் பைக்கில்தான் போவான் என்று உங்கள் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. நீங்களோ ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தபடியே போய்விட்டீர்கள். ஆனாலும் பழி என்னவோ தார்ப்பாய்க்குக் கீழே நின்றதன் மேல்தான் விழுந்தது.

இரண்டு ஷேர் ஆட்டோ மாறிக் கம்பெனிக்குப் போய்வந்து எனக்குச் சலித்துவிட்டது. நீங்கள் காலையில் என்னை இறக்கிவிட்டுவிட்டு ஹார்பருக்குக் கிரேன் ஓட்டப் போவீர்களே, அந்த நேரம் வந்தால் தன்னால் வாசலைப் பார்ப்பேன். ஒருநாள் தார்ப்பாயை விலக்கிச் சாவியைப் போட்டேன். நானே ஓட்டப் போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். ஸ்கூட்டி வாங்கித் தருகிறேன் என்றான். எனக்கு ஸ்கூட்டி வேண்டாம், இதுதான் வேண்டும் என்றேன்.

அவன் கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று கேட்டான். “உனக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா பிரியாவுக்கு யாரு இருக்கா, ஏளா?”

 கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். திவசம் வரைக்கும் வண்டி என்னிடம் இருக்கட்டும். திவசத்துக்கு மறுநாள் அவன் என் பின்னால் உட்கார்ந்து கம்பெனி வரைக்கும் வருவான். உப்பளத்து வளைவை நான் ஒழுங்காகத் திரும்பிவிட்டால் வண்டி எனக்கு. இல்லையென்றால் அன்றைக்கே எட்டயபுரத்தில் அவனுக்குத் தெரிந்த ஒருவர் வந்து எடுத்துப் போய்விடுவார். அண்ணன் வேறு எந்த வளைவையும் சொல்லவில்லை பாருங்கள். அந்த ஒன்றில்தான் எனக்கு உதறும் என்பது நம் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதையாயிற்றே.

நம் வீட்டிலிருந்து கம்பெனிக்குப் போகும்போது அது வலது வளைவு. இடப்பக்கம் பாத்தி பாத்தியாக உப்பளம், வலப்பக்கம் வேலிக்கருவை முட்புதர். உப்பு லாரிகள் திரும்பும்போது சிந்துகிற உப்பு ரோட்டில் கிடக்கும். மழையே பெய்யாவிட்டாலும் விடியற்காலை ஈரத்தை அது குடித்துக்கொண்டு, ரோடு எண்ணெய் தடவினாற்போல் இருக்கும்.

கல்யாணமான நாளிலிருந்து நான் சேலையில் ஒருபக்கமாகத்தான் உட்கார்ந்து வந்திருக்கிறேன், இரண்டு காலும் இடப்பக்கம் தொங்க. இடது வளைவில் எனக்குப் பயமே கிடையாது. எதிரே வருவதெல்லாம் என் கண்ணுக்குத் தெரியும். வலது வளைவு அப்படியா? வண்டி என் முதுகுப்பக்கம் சாயும். தரை எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாது, கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து மல்லாக்கச் சாய்வது போல இருக்கும். உடனே நான் இடப்பக்கம் இழுத்து நிமிர்ந்துவிடுவேன். வண்டி விழாமல் நான்தான் பிடித்து நிறுத்துகிறேன் என்று எனக்கு நினைப்பு.

ஒரே ஒரு தடவை நீங்கள் வண்டியை ஓரங்கட்டி, கையை வண்டிபோல் சாய்த்துக் காட்டிச் சொன்னீர்கள். நான் எதிர்ப்பக்கம் இழுத்தால் வண்டி நிமிராதாம், அந்தத் திருப்பத்தை முடிக்க அது இன்னும் அதிகமாகச் சாய வேண்டிவருமாம். உங்கள் தோளோடு தோளாக நானும் உள்பக்கம் சாய்ந்தால் வண்டி அவ்வளவு படுக்க வேண்டாமாம். உப்பு கிடக்கிற இடத்தில் ஆள் சாயலாம், வண்டி சாயக் கூடாது என்றீர்கள். நானும் தலையாட்டினேன். மறுநாள் முயற்சி செய்து பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் சட்டையைப் பிடித்த பிடியில் பித்தான் தெறித்ததுதான் மிச்சம்.

அதற்கு மறுநாள் வளைவு வருவதற்கு முன்னாலேயே நீங்கள் திரும்பாமல் சொன்னீர்கள். “ஏளா, நீ உப்பைப் பாரு. ரோட்டை நான் பாத்துக்கிடுதேன்.”

அன்றிலிருந்து நான் உப்பைத்தான் பார்த்தேன். குவியல் குவியலாக உப்பு, தலையில் துண்டு கட்டிய பெண்கள், ஓடையில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு. பார்த்து முடிப்பதற்குள் வளைவு முடிந்திருக்கும். பயம் போகவில்லை, மறந்துபோயிற்று. சாயச் சொல்லி நீங்களும் அப்புறம் கேட்கவில்லை. உங்களுக்கு அலுத்துவிட்டது என்று நினைத்தேன்.

இனி என் கூத்தைக் கேளுங்கள். லாரி நிறுத்துகிற பொட்டலில் ஒரு மாதம் ஓட்டிப் பழகினேன். சுடிதார்தான் போட்டுக்கொண்டேன். அண்ணி ஒரு பார்வை பார்த்தாள், பார்க்கட்டும். பிரியா ஹாஸ்டலிலிருந்து வீடியோவாக அனுப்பித் தள்ளினாள். அதில் பையன்கள் சீட்டை விட்டுப் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு முழங்காலால் ரோட்டை உரசுகிறார்கள். உன் அம்மாவுக்கு முழங்கால் ஏற்கெனவே தேய்ந்துதான் இருக்கிறது என்று பதில் போட்டேன். ஆனாலும் விஷயம் பிடிபட்டது. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், உள்ளே போய்ப் பிரேக்கைத் தொடக் கூடாது. இரண்டு முழங்காலாலும் டேங்கைக் கவ்விக்கொள்ள வேண்டும். கையை விறைக்காமல் முழங்கையை மடக்கி, வண்டி சாய்வதற்கு முன்னால் தலையும் தோளும் உள்பக்கம் போக வேண்டும். பொட்டலில் இரண்டு பக்கமும் திரும்பினேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த மெச்சலோடு உப்பளத்து வளைவுக்குப் போனேன். வேகம் குறைத்தேன், முழங்காலால் கவ்வினேன், தோளைச் சாய்த்தேன். தலை மட்டும் வலப்பக்கம் திரும்பவில்லை. அந்த இடம் வந்ததும் கழுத்து தன்னால் இடப்பக்கம் போயிற்று. உப்பைப் பார்த்தேன். கண் போன பக்கம் வண்டி போயிற்று. ரோட்டை விட்டு இறங்கி, வரப்பில் ஏறி, பாத்திக்குள் பொத்தென்று படுத்துவிட்டது. நான் அதற்குப் பக்கத்தில் மடியெல்லாம் உப்பாக உட்கார்ந்திருந்தேன்.

வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து தூக்கினார்கள். அடி ஒன்றும் இல்லை, உள்ளங்கை உரிந்து உப்பு பட்டுக் காந்தியது. ஒருத்தி என் முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டே, ரோடு அங்கனயில்லா போவுது, நீங்க ஏன் இங்கன வாரிய யக்கா என்று கேட்டாள். என்ன சொல்ல? எங்கள் வீட்டுக்காரர் இந்தப் பக்கம்தான் பார்க்கச் சொல்லியிருக்கிறார் என்றா?

உங்கள் மேல் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இவ்வளவு நாளும் உப்பைக் காட்டிக் காட்டிக் கூட்டிப்போய், இப்படிப் பழக்கி வைத்துவிட்டுப் போய்விட்டீர்களே என்று வண்டியை உருட்டிக்கொண்டே திட்டினேன். பாதி வழியில் அழுதுவிட்டேன். அப்புறமும் திட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு வண்டியைக் கழுவினேன். உப்பு பட்ட வண்டியை அப்படியே விட்டால் இரண்டே நாளில் துரு ஏறிவிடும் என்பதை மட்டும் மறக்கவில்லை. துடைக்கும்போதுதான் கவனித்தேன். நீங்கள் கால் வைக்கிற வலது ஃபுட்ரெஸ்ட்டின் ரப்பர் நுனி வழித்தெடுத்தாற்போல் தேய்ந்து, உள்ளிருக்கிற இரும்பு தெரிந்தது. இடது பக்கத்து ரப்பர் கொஞ்சமும் கெடாமல் இருந்தது. நான் இடப்பக்கம்தான் விழுந்தேன். நீங்கள் இந்த வண்டியில் விழுந்ததே கிடையாது. வலது பக்கம் மட்டும் எப்படித் தேய்ந்தது? ஒன்றும் புரியாமல் துணியை அலசிப் போட்டேன்.

அப்புறம் தினமும் விடிந்ததும் போனேன். பிரியா போனில் சொன்னபடி, வளைவு முடிகிற இடத்தில் இருக்கிற டீக்கடையின் மஞ்சள் போர்டைக் கண்ணால் பிடித்துக்கொள்ளப் பழகினேன். தாடையைத் தூக்கி வலது தோளுக்கு மேல் கொண்டுபோனால் கண்ணும் கூடப் போகிறது. முதலில் நடை வேகத்தில். அப்புறம் கொஞ்சம் கூட்டி. உப்பு என்னைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. ஒருநாள் திரும்பிவிட்டேன். அந்தப் பெண்கள் தூரத்திலிருந்து கையை ஆட்டினார்கள்.

இன்று காலை அண்ணன் வந்தான். நெற்றியில் திருநீறு, முகத்தில் ஈயாடவில்லை. எட்டயபுரத்துக்காரர் கிளம்பிவிட்டார் என்றான். பின்னால் ஏறி உட்கார்ந்ததும் வண்டி ஒரு சாண் அமுங்கியது. அவன் உடம்பு உங்களுக்குத் தெரியுமே.

வளைவு கண்ணில் பட்டதும் அவன் மூச்சு என் காதுக்குப் பின்னால் கேட்டது. நான் வேகத்தைக் குறைத்து, மஞ்சள் போர்டைப் பார்த்து, தோளை உள்பக்கம் இறக்கினேன். வண்டி சாய ஆரம்பித்ததுதான் தாமதம், அண்ணன் இடப்பக்கம் இழுத்து நிமிர்ந்துவிட்டான். அச்சு அசல் நான் செய்வதேதான். வண்டி திரும்பாமல் உப்பளத்தைப் பார்த்து அகன்றது. ஹேண்டில் பாரமாகக் கனத்தது.

அவனைச் சாயச் சொல்ல நேரமில்லை. சொன்னாலும் பயத்தில் இருக்கிறவன் சாய்வானா? என் வாய் தன்னால் சொல்லிற்று. “அண்ணே, நீ உப்பைப் பாரு. ரோட்டை நான் பாத்துக்கிடுதேன்.”

சொல்லிவிட்டு என் உடம்பை இன்னும் இறக்கினேன். அவன் சாயாத சாய்வையும் சேர்த்துச் சாய்ந்தேன். வண்டி படுத்தது. என் வலது காலுக்கடியில் சர்ரென்று ரோடு உரசியது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அந்த வளைவில் தினமும் காலையில் கேட்டிருக்கிறேன். டயருக்கடியில் உப்பு நெரிகிற சத்தம் என்று நினைத்துக்கொண்டு கொக்கைப் பார்த்திருக்கிறேன். இல்லையா? அது இந்த ரப்பர் தேய்கிற சத்தமா? உங்களுக்கு அலுத்துப்போகவில்லையா? ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, என் பயத்தைப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் இத்தனை வருஷமும் என் பங்கையும் நீங்களே சாய்ந்தீர்களா? அதுவும் உப்பு கிடக்கிற ரோட்டில்? எனக்குத் தெரியாமல்?

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் எப்படியாவது பழகியிருப்பேனே. இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

மஞ்சள் போர்டுக்குக் கீழே வண்டியை நிறுத்தினேன். அண்ணன் இறங்கி டீ சொன்னான். பாதி டீயில் போனை எடுத்து எட்டயபுரத்துக்காரரைத் திரும்பிப் போகச் சொன்னான். வண்டி கொடுக்கிறதாக இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றான். பிறகு என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துச் சொன்னான்.

“மாப்பிள்ளைக்குப் பின்னாடி உக்காந்து வந்த மாதிரியே இருந்துச்சு.”

நான் டீயை வைத்துவிட்டுப் போய் அந்த வலது ரப்பரைத் தொட்டுப் பார்த்தேன்.

பிரியா அடுத்த லீவில் மறுபடி வருகிறாள். அவளுக்கு வலது வளைவு, இடது வளைவு எதிலும் பயம் கிடையாது, உங்கள் பிள்ளை. வண்டியைத் தினமும் துடைக்கிறேன், சாப்பிடவும் செய்கிறேன், கவலைப்படாதீர்கள். பின்டயரும் ஷாக் அப்சார்பரும் மாற்றியாயிற்று. அந்த வலது ரப்பரை மட்டும் மாற்ற மாட்டேன். என் பின்னால் யார் ஏறினாலும், பயந்து எந்தப் பக்கம் இழுத்தாலும், சத்தம் போட மாட்டேன். அவர்கள் பங்கையும் சேர்த்து நான் சாய்ந்துகொள்வேன். இது உங்கள் வண்டி மேல் சத்தியம்.

இத்தனை காலமும் உங்கள் முதுகுக்குப் பின்னால் உப்பையே பார்த்துக்கொண்டு வந்த,
பிரியா அம்மா