கேட்காமல் சொன்ன ஓம்

மச்சான்,

உன் காது மெஷினின் டப்பா இப்போது என் மேசையில் இருக்கிறது. கரண்டில் குத்தினால் முன்பக்கம் ஒரு சின்னப் பச்சை வெளிச்சம் வருமே, இன்று காலை குத்திப் பார்த்தேன். வந்தது. உன் மகள் போன கிழமை கொண்டுவந்து தந்தாள். "வாப்பாட சாமான். மாமாக்குக் குடுக்கச் சொல்லி உம்மா சொன்னா," என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி, "வாப்பாவும் ஒருக்கா சொல்லி இரிக்காரு," என்றாள். ஏன் எனக்கு என்று நான் கேட்கவில்லை. காரணம் எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

உள்ளே இருந்த மெஷினைக் காதில் மாட்டிப் பார்ப்போம் என்று எடுத்தேன். முதலில் போனில் அதன் செயலியைத் திறக்கவேண்டுமாம். திறந்தால் உன் பெயரைச் சொல்லி என்னை வரவேற்கிறது, கீழே உன் இரகசிய இலக்கத்தைக் கேட்கிறது. மௌத்தாகி மண்ணுக்குள் போய் மூன்று மாதமான மனிசனிடம் இரகசிய இலக்கம் கேட்கும் இயந்திரத்தை என்ன செய்வது? உன் காசு, உன் காது, உன் சாமான். ஆனாலும் முழுதாய் உன்னுடையது இல்லை. எங்கேயோ இருக்கும் கம்பனிக்காரன் கதவைத் திறந்தால்தான் நீ உள்ளே போகலாம். கொழும்புக்குக் கொண்டுபோனால் என் காதுக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தருவார்கள் என்று சொல்கிறார்கள். சொல்வார்கள்தானே.

என் சந்தேகக் குணத்தை நீ எத்தனை தரம் ஏசியிருப்பாய். ஆனால் அது எனக்குச் சும்மா வந்ததில்லை. கல்முனைப் பெரிய வீதியில் இருபத்திரண்டு வருசம் ரேடியோ, டீவி, பிறகு போன் என்று விற்றவன் நான். கடைக்குள் வரும்போது ஆளுக்கு ஒரு தேவையும் இருக்காது. வெளியே போகும்போது இருக்கும். நடுவில் அதை உண்டாக்கியவன் நான்தான். வீட்டில் இருக்கிற டீவி நன்றாகத்தான் படம் காட்டும். ஆனால் கடையில் நாங்கள் போடுகிற படம் வேறு: மீன், பூ, பச்சைக்கிளி, எல்லாம் கண்ணைக் குத்துகிற நிறத்தில். அதைப் பத்து நிமிசம் பார்த்தவனுக்கு வீட்டு டீவியில் எல்லா முகமும் நோயாளி முகமாய்த் தெரியும். அடுத்த மாதம் வந்துவிடுவான். இந்த வித்தையெல்லாம் செய்தவனால் பிறகு எந்தப் பெட்டியைத்தான் நம்பமுடியும்?

நீ நேர்மாறு. புதிதாய் என்ன வந்தாலும் உனக்கு வேண்டும். உன் மருமகன் கட்டாரிலிருந்து கொண்டுவந்த கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குத் தொழ வந்தாயே, அந்த மத்தியான லுஹரை நான் மறக்கவே மாட்டேன். நெற்றியை நிலத்தில் வைத்து நீ ஸுஜூதுக்குப் போனதும் உன் கையில் அது கிடந்து அதிர்ந்தது. தொழுது முடித்து வெளியே வந்து பார்த்தால், நீங்கள் விழுந்துவிட்டீர்களா, உதவி வேண்டுமா என்று கேட்டிருக்கிறது. "அல்லாஹ்வுக்கு முன்னால விழுந்ததையும் கண்டுபிடிச்சிட்டான் மச்சான்," என்று நீ செருப்பைத் தேடத் தேடச் சிரித்தாய். கரண்ட் இல்லாத ஒரு பகல் முழுக்க நீ விசிறிக்கொண்டு குந்தியிருந்ததை நடை என்று எண்ணி, இன்றைய இலக்கை அடைந்துவிட்டீர்கள், வாழ்த்துகள் என்றது. பிறகு அந்தப் பல்ப். சொன்னால் எரியுமாம். அரிசி மில்லில் மெஷின் ஓட்டிய தொண்டையால் "லைட்டப் போடு!" என்று நீ கத்த, உன் பல்ப் அப்படியே கிடந்தது, பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டு லைட்டைப் போட்டார். நான் ஒரு கிழமை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

இதிலெல்லாம் நான் சொன்னதே சரியாக வந்தது. அதுதான் பிழையாகிப் போயிற்று, மச்சான். பத்துத் தரம் சரியாகச் சொன்னவனைப் பதினோராவது தரமும் நீ நம்பினாய்.

உனக்குக் காது குறைகிறது என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. மில்காரர் எல்லாரும் கத்தித்தான் கதைப்பார்கள், அது தொழில் பழக்கம் என்று விட்டுவிட்டோம். ஒருநாள் அஸர் தொழுதுவிட்டுத் தேத்தண்ணிக் கடையில் இருந்தபோது நீயே சொன்னாய்.

"மச்சான், காது டொக்டருட்டப் போனன். மெஷின் போடட்டாம். போன்ல பூட்டுற மாதிரி புதுசு ஒண்டு வந்திருக்காம். எடுக்கவா?"

நான் பிளேன்டீயைக்கூடக் கீழே வைக்கவில்லை. "உனக்குப் பைத்தியமா? காதுல போட போன் எதுக்கு? அது ஏமாத்து வேலை. இப்ப எடுத்தா அடுத்த வருசம் பழசு எண்டுவான். பொறு. முதல்ல மத்தவன் பாவிக்கட்டும்."

"ஓம்," என்று சம்மதித்தாய்.

பிறகு ஒரு தரம் கேட்டாய். "புது மொடல் வரும், விலை இறங்கும், பொறு," என்றேன். அதற்கும் ஓம். மூன்றாம் தரம் நீ கேட்கவில்லை. இரண்டு வருசம் போனது. அந்தக் காலத்தில் நான் என்ன சொன்னாலும் நீ சிரித்த முகத்தோடு ஓம், ஓம் என்று தலையாட்டினாய். வயது போகப் போக ஆள் நல்லாய்ப் பழுத்துவிட்டான், முன்னைப் போல எதிர்த்துக் கதைப்பதில்லை என்று நான் சந்தோசப்பட்டேன். உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்ட எனக்கு அந்த ஓமில் மட்டும் சந்தேகம் வரவில்லை.

கடற்கரையில் தோணிகளுக்குப் பக்கத்தில் இருந்து ஒருநாள் நான் சொன்ன கதை உனக்குத் தெரியும், இப்போது தெரியும். என் மனைவியின் நெஞ்சில் கட்டி இருக்கிறது, சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், மகளுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. அதை எப்படிக் கத்திச் சொல்வது? மெல்லத்தான் சொன்னேன். கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். காற்று வேறு. சொல்லி முடித்து உன் பக்கம் திரும்பினால் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். "ஓம் மச்சான், ஓம்," என்றாய். "அப்பிடித்தான். நல்லம்."

நல்லம் என்றாய்.

எழும்பி வந்துவிட்டேன். இரண்டு மாதம் உன் வீட்டுப் பக்கமே வரவில்லை. சோதனை முடிவு நல்லபடியாக வந்தது, அல்ஹம்துலில்லாஹ். அதையும் உனக்குச் சொல்லவில்லை. நீ இரண்டு தரம் வீட்டுக்கு வந்தாய், நான் இல்லை என்று சொல்லச் சொன்னேன். ஐம்பது வருசச் சிநேகிதன் என் மனைவியின் நோய்க்குச் சிரித்தான் என்று எனக்குள் துருவாய்க் கறள் கட்டிக் கிடந்தது.

பிறகு உன் மகளே கொழும்பில் இருந்து மெஷினைக் கொண்டுவந்தாள். என்னிடம் கேட்கவேண்டாம் என்று அவள்தான் உனக்குச் சொல்லியிருக்கிறாள், கெட்டிக்காரி. நீ அதைப் போட்டுக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாய். இந்தத் தரம் கதவைத் திறந்தது நான். வழியை விட்டு விலகி நின்றேன். நீ கதிரையில் இருந்து, இரண்டு காதையும் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாய்:

"மச்சான், ரெண்டு வருசமா நீ சொன்னதுல பாதி எனக்கு விளங்கல்ல. நீ நிப்பாட்டுற இடம் பாத்து ஓம் போட்டன். கேக்கல்ல எண்டு சொன்னா மெஷின் கதை வரும். நீ பொறு எண்டு சொல்லிட்டாய், நானும் ஓம் எண்டுட்டன். அண்டைக்குக் கடற்கரைல நீ என்னமோ சொல்லிப்போட்டு எழும்பிப் போனாய். உன்ட கண் சிவந்து கிடந்திச்சு. என்ன சொன்ன? இப்ப சொல்லு."

சொன்னேன். நோய் இல்லை என்றான பிறகு, பயமெல்லாம் போன பிறகு, அதே கதையை முதலில் இருந்து சொன்னேன். நீ அழுதாய். "நல்லம் எண்டா சொன்னன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். உள்ளே இருந்து என் மனைவி, "அழாதீங்க, நான் நல்லாத்தான் இரிக்கன்," என்று குரல் கொடுத்தாள். அவள் மெல்லச் சொன்னதும் உனக்குக் கேட்டது. நான் வெட்கப்பட்டுப் போனேன். இல்லாத குற்றம் ஒன்றை நான் உன் மேல் ஏற்றிவைத்திருந்தேன். என் குற்றத்தை நீ குற்றமாய்ச் சொல்லிக்காட்டவே இல்லை.

அதற்காக மெஷினை நான் ஒரேயடியாய் நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. அடுத்த கிழமையே பிடித்தேனே. கடற்கரையில் இருக்கிறோம், பள்ளியில் மஃரிபுத் தொழுகைக்கு அழைத்து வாங்கு சொல்கிறார்கள், நீ பாட்டுக்கு நெல் விலை கதைத்துக்கொண்டிருக்கிறாய். தூரத்து ஒலிபெருக்கிச் சத்தம் தேவையில்லாத இரைச்சல் என்று உன் காதுக்குள் இருந்த அந்தப் பெரிய அறிவாளி தானாகவே முடிவெடுத்து அமத்திவிட்டது. நான் துள்ளிக் குதிக்காத குறை. "பாத்தியா! எது கேக்கோணும், எது கேக்கக் கூடாது எண்டு அவன் யாரு முடிவெடுக்க? வாங்கு இரைச்சலாம்!"

நீ கோபப்படவில்லை. இரண்டையும் கழற்றி டப்பாவில் வைத்தாய். வெறுங்காதோடு பள்ளிப்பக்கம் தலையைச் சரித்தாய். "மெல்லிசாக் கேக்குது. இது போதும்," என்றாய். "அல்லாஹ்ட அழைப்புக்கு மெஷின் தேவல்ல மச்சான். உன்ட முணுமுணுப்புக்குத்தான் தேவை."

அதிலிருந்து வாங்கு நேரம் பார்த்துக் கழற்றுவதும் தொழுதபிறகு மாட்டுவதும் உன் வழக்கமாகிவிட்டது. கைக்கடிகாரத்தையும் பல்பையும் பற்றி நான் சொன்னதில் இன்றைக்கும் ஒரு சொல் மாற்றமாட்டேன். ஆனால் அந்த மெஷின் பூட்டிய உன் காதில் என் கதை விழுந்தது எட்டு மாதம். எட்டே மாதம், மச்சான். அதற்கு முன்னால் இரண்டு வருசம் என் வாயால் போனது. புதிய சாமான் எதைக் கண்டாலும் இது எனக்கு என்ன தரும் என்று கேட்கப் பழகியிருந்தேன். பொறுத்திருந்தால் என்ன போகும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசி மாதத்தில் ஒருநாள் நீ ஏதோ சொல்ல நான் ஓம் என்றேன். நீ கதையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாய்.

"நான் என்ன சொன்னன், சொல்லு?"

நெல் விலை என்று ஒன்றை அடித்துவிட்டேன்.

"அந்த ஓம் எனக்குத் தெரியும் மச்சான்," என்றாய். "ரெண்டு வருசம் போட்ட ஓம்."

நான் காற்று என்றேன், பக்கத்தில் மோட்டார் சைக்கிள் போனது என்றேன். நீ விடவில்லை, நான் கதையை மாற்றினேன். அதற்குப் பிறகு நீ இருந்தது இரண்டு கிழமைதான். விடியச் சுபஹுத் தொழுகைக்கு உன்னை எழுப்பப் போனவர்கள் எனக்கு ஆளனுப்பினார்கள். ஜனாஸா வீட்டில் உன் தலைமாட்டில் அந்த டப்பா பச்சை வெளிச்சத்தோடு இருந்ததைப் பார்த்தேன். யாருக்கும் அதைக் கரண்டில் இருந்து கழற்றத் தோன்றவில்லை. நான்தான் கழற்றினேன்.

கொழும்புக்குப் போவேனா என்று கேட்காதே. இன்னும் மனம் ஒப்பவில்லை. எனக்கு ஏற்ற மாதிரி மாற்றுகிறேன் என்பவனிடம் நூறு கேள்வி கேட்காமல் காதைக் கொடுக்கமாட்டேன். ஆனால் ஒன்று செய்கிறேன். சற்று முன்னால் இந்த மடலை எழுதிக்கொண்டிருக்கும்போது குசினியில் சமைத்துக்கொண்டிருந்த என் மகள் என்னவோ கேட்டாள். பழக்கத்தில் ஓம் என்றுவிட்டேன். பேனாவை வைத்துவிட்டு எழும்பிப் போய்க் குசினி வாசலில் நின்றேன்.

"மகள், நீ சொன்னது கேக்கல்ல. ஓம் எண்டு பொய் சொல்லிட்டன். திருப்பிச் சொல்லு."

அவள் அகப்பையோடு திரும்பிப் பார்த்தாள். "வாப்பாக்குக் காது கேக்குறது குறைவா எண்டுதான் கேட்டன்," என்றாள்.

"ஓம்," என்றேன்.